பின்சுவர்க் கொடி

சனிக்கிழமை காலையில் ஊரில் உள்ள மற்ற மாப்பிள்ளைகள் எல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் நேரத்தில், லிப்ட்காரர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடைக்குள் நிற்பார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சம்பளம் கிடையாது, முதுகுவலி மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வாரம் முழுக்க அலுவலகக் கட்டடங்களின் லிப்ட் குழிக்குள் தலையை விட்டுக் கிரீஸோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு, நிமிர்ந்தால் வானம் தெரிகிற ஒரு வேலை வேண்டியிருந்தது. அதற்காகத்தான் போனார்.

ஓடை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் தாண்டிக் குதித்துவிடலாம். இரண்டு தெரு வீடுகளும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, நடுவில் அது பாட்டுக்கு வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் ஒரு காலத்தில் தானாக முளைத்துக் கிடந்த நாணல், கோரை, புதர், மரம் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வைப்பது என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. கூட்டத்துக்குத் தலைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் உயிரியல் டீச்சர். ஆள் குட்டை. குரல் மட்டும் பாலத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

டீச்சர் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தாள். அவரவர் துண்டை அவரவர் களையெடுக்க வேண்டும். நடுவதற்கான கன்றுகள் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஷெட்டில் வரிசையாக வளர்ந்துகொண்டிருந்தன. மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும். சுத்தமாக இருக்கும் துண்டுக்குத்தான் கன்று. களை இருக்கும் துண்டுக்கு ஒரு புல்லுகூடக் கிடையாது என்பது டீச்சரின் சட்டம். அந்தச் சட்டத்தில் தாட்சண்யம் என்ற பேச்சே இல்லை.

நம்ம லிப்ட்காரருக்கு வாய்த்த துண்டு நடைபாலத்தை ஒட்டியது. அங்கேதான் ஒரு கொடி அவர் உயிரை வாங்கியது. அகலமான வெளிறிய இலை, பூவும் இல்லை காயும் இல்லை, கையில் பட்டால் பிசுபிசுக்கும் தண்டு. விரல் நீளத் துண்டு ஒன்று ஈரமண்ணைத் தொட்டால் போதும், அடுத்த வாரம் வேர் பிடித்து நிற்கும். எல்லோரும் அதற்குப் பிசாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் துண்டில் எப்போதாவது தலை காட்டும் பிசாசு, இவர் துண்டில் மட்டும் குடும்பம் நடத்தியது.

"என்ன லிப்ட்காரரே, பயிர் நல்லா வந்திருக்கு போல. எப்ப அறுவடை?" என்று அடுத்த துண்டிலிருந்து கேட்பார் பேக்கரிக்காரர். அவருடைய துண்டு பாலத்துக்குக் கீழே, தண்ணீர் போகும் வழியில் இருந்தது. அவருக்கும் கொஞ்சம் பிசாசு வரத்தான் செய்தது. ஆனால் விடியும் முன்பே எழுந்து மாவு பிசைகிற கை, அதற்கு அதெல்லாம் தூசு.

"சிரிங்க சிரிங்க. எனக்கும் ஒரு காலம் வரும்."

"வரட்டும், வரட்டும். அதுவரைக்கும் உங்க கன்றையெல்லாம் என் துண்டுல நட்டு வெச்சுக்கறேன். டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

டீச்சரும் இல்லை என்று சொல்லவில்லை. "வாரா வாரம் சுத்தம் பண்றீங்க, வாரா வாரம் புதுசா வருது. அப்போ எங்கேயோ மேலேருந்து மிதந்து வருது. தாய்க்கொடி ஒண்ணு எங்கேயோ இருக்கு. பாலத்துக்கு மேலே கரையில இறங்க வழி இல்லாததால நாம இன்னும் பார்க்கலை," என்றாள்.

இனி வீட்டுக் கதை. லிப்ட்காரர் வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் காலமான பிறகு, அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் மனைவி கணவனையும் பெட்டி படுக்கையையும் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், நெற்றியில் ஏறிய கண்ணாடி. யார் எதிரே வந்தாலும் டிக்கெட் இருக்கா என்பது போல ஒரு பார்வை. பெண் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் முதலில் சில வருஷம் இவரிடம் பேச்சே கிடையாது. எல்லாம் மகள் வழியாகத்தான். "பாப்பா, அவருக்குச் சாம்பார் வேணுமான்னு கேளு" என்பார். அவர் என்பவர் எதிரிலேயே உட்கார்ந்து சாம்பாருக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

அந்த மௌனத்தை உடைத்தது ஒரு ஸ்டூல். வீட்டின் பின்சுவர் முழுக்க மாமனார் ஒரு பூங்கொடியைப் படர விட்டிருந்தார். சின்னச் சின்ன இலை, எண்ணெய் தடவியது போல் பளபளப்பு, கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டூலில் ஏறி நின்று கத்தரியால் ஒழுங்கு பண்ணுவார். ஒரு நாள் ஸ்டூல் ஆடியது. அந்தப் பக்கமாகப் போன மாப்பிள்ளை ஓடிவந்து பிடித்தார். மேலேயிருந்து, "பிடிச்சிருக்கீங்களா?" என்று குரல் வந்தது. "பிடிச்சிருக்கேன் மாமா," என்றார் இவர். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமனார் வெட்ட, மாப்பிள்ளை ஸ்டூல் பிடிக்க, கொடியோடு சேர்ந்து பேச்சும் படர்ந்தது.

கீழே நிற்கிறவர் முகம் தெரியாததாலோ என்னவோ, ஸ்டூல் மேல் ஏறினால் மாமனார் வேறு ஆளாகிவிடுவார். டிக்கெட் இல்லாமல் வந்து கைக்குழந்தையை அழவிட்டுத் தப்பிக்கப் பார்த்தவர்கள், மாமியாரிடம் தான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் எல்லாம் வரும். கீழே நிற்கிற இவர் சிரித்துச் சிரித்து ஸ்டூலையே ஆட்டிவிடுவார். சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவர் லிப்ட்காரர். வயசான ஒரு மனிதர் தன்னிடம் இப்படி உரிமையோடு பேசுவது அவருக்குப் புதுசு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையே தவிர, அந்த ஒரு சாயங்காலத்துக்காக அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

வெட்டி முடித்ததும் குப்பையைப் பழைய போர்வையில் வாரிக் கட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவது மாப்பிள்ளை வேலை. சுவர் ஆள் உயரத்துக்கு மேல். அந்தப் பக்கம் ஓடை என்று தெரியும், எட்டிப் பார்த்தது கிடையாது. ஒரே சுழற்று, ஒரே வீச்சு, குப்பை மாயம். மாமனாரே ஒரு தடவை, "கை நல்ல பலம் மாப்பிள்ளை உங்களுக்கு," என்று பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டுக்காகவே இவர் அடுத்த வாரம் இன்னும் தூரமாக வீசினார்.

இவ்வளவு சொன்ன பிறகு உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். புரிய வேண்டிய ஆளுக்குத்தான் புரியவில்லை. வீட்டிலிருந்து நடைபாலத்துக்குத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சுற்றிப் போகிறவனுக்கு அது வேறு ஊர் மாதிரி. ஓடைக்கு மட்டும் நேர்வழி.

அன்றைக்குச் சனிக்கிழமை. சேற்றில் புதிதாக வேர் பிடித்திருந்த ஒரு பிசாசைப் பிடுங்கினார் லிப்ட்காரர். தண்டில் ஏதோ சுற்றியிருந்தது. தண்ணீரில் அலசிப் பார்த்தார். நீலக் கோடு போட்ட துணிக் கிழிசல், அழகாக இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது.

அந்தத் துணியை அவருக்கு நன்றாகத் தெரியும். மாமனாரின் பழைய பைஜாமா. கயிறு கட்டினால் தண்டு அறுபடும் என்று, பைஜாமாவைக் கிழித்துத்தான் மாமனார் கொடியைச் சுவரோடு கட்டுவார். அந்தப் பைஜாமாவை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுத்ததே இவர்தான். சனிக்கிழமை காலையில் பிடுங்குகிற கையும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீசுகிற கையும் ஒரே கை.

"என்ன புதையலா?" என்று பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை. பழந்துணி." சட்டென்று பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். சேறும் சகதியுமாக அது தொடையில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் ஸ்டூலைப் பிடித்தபடி நின்றார். மேலேயிருந்து கதை வந்துகொண்டிருந்தது. இவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன இலைதான். ஆனால் சுவரின் அடியில், வெயில் படாத மூலையில், ஒரு கிளையின் இலை மட்டும் அகலமாகவும் வெளிறியும் கிடந்தது. அதே பிசுபிசுப்பு.

"என்ன மாப்பிள்ளை, சிரிப்பையே காணோம்? நல்ல இடத்துல சொல்லி நிறுத்தியிருக்கேன்."

"சிரிச்சேனே மாமா."

"எனக்குக் கேக்கலையே."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கொடி போய்விடும். கொடி போனால் ஸ்டூல் எதற்கு? ஸ்டூல் போனால் இந்த மனுஷர் திரும்பவும் பாப்பா, அவரைக் கேளு என்று ஆரம்பித்துவிடுவார். பேசாமல் இருந்துவிட்டார். குப்பையை மட்டும் வீசவில்லை. சாக்கில் கட்டி, வேலைக்குப் போகிற கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், சாக்கின் தையலைப் பிரித்துக்கொண்டு தளிர் எட்டிப் பார்த்தது. அந்தக் கொடிக்கு மண்கூட வேண்டியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

துணி துவைக்கும்போது பாக்கெட்டில் பைஜாமா கிழிசலைக் கண்டுபிடித்தாள் மனைவி. பரிசோதகர் பெண்ணுக்கு விசாரிக்கச் சொல்லியா தர வேண்டும்? அரை நிமிஷத்தில் எல்லாவற்றையும் கக்கவைத்துவிட்டாள். கேட்டுவிட்டு வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. என் நிலைமை உனக்கு விளையாட்டா இருக்கு. நீயே உங்கப்பாகிட்ட பக்குவமா சொல்லேன்."

"நான் சொன்னா, மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்துப் பொண்ணு பேசறான்னு ஆயிடும். நீங்களே சொல்லுங்க."

"அப்புறம் என்கூடப் பேசலைன்னா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கணவன் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷன் இதற்காகவா இப்படி உருகிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. "அப்பா அப்படியெல்லாம் இல்லைங்க," என்றாள். அவளுக்கும் அதில் முழு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

இவர் தயங்கிக்கொண்டிருக்க, டீச்சர் முந்திக்கொண்டாள். "இன்னிக்குக் களையெடுப்பு வேண்டாம். தண்ணிக்குள்ளேயே மேலே நடந்து போறோம். தாய்க்கொடியைக் கண்டுபிடிக்காம திரும்பறதில்லை," என்று அடுத்த சனிக்கிழமை அறிவித்துவிட்டாள். டீச்சர் முன்னால், பேக்கரிக்காரர் அடுத்து, லிப்ட்காரர் கடைசியில். அவர் கால் பின்னுக்கு இழுத்தது. பூட்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டது, கல் குத்துகிறது, தாகமாக இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

இரண்டாவது வளைவில் திரும்பியதும் மூவரும் நின்றுவிட்டார்கள். சுவர் உச்சியிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரே பச்சை. சுவரின் அடியில் வாரா வாரம் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு, அந்த மேடு முழுக்க வேர். அதிலிருந்து கயிறு கயிறாக இறங்கித் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது பிசாசு. அத்தனையையும் வீசிய லிப்ட்காரரே அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"யாரது அங்கே?" என்று சுவருக்கு மேலேயிருந்து ஓர் அதட்டல். கூடவே ஒரு கண்ணாடி, சத்தம் கேட்டு ஸ்டூலில் ஏறிய மாமனாரின் முகம். கீழே பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம மாப்பிள்ளை! கொடியைக் காட்டறதுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா? அங்கேருந்து பார்த்தா என்ன தெரியும்? சுத்தி வீட்டுக்கு வாங்க எல்லாரும். டீ போடச் சொல்றேன்!"

பேக்கரிக்காரர் மெதுவாகத் திரும்பி லிப்ட்காரரைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தாள். லிப்ட்காரர் தண்ணீரைப் பார்த்தார்.

கூடத்தில் எல்லோருக்கும் டீ வந்தது. டீயோடு கூடவே ஆளுக்கு ஒரு தகர டப்பாவும் வந்தது. மாமனாரின் வழக்கம் அது. வீட்டுக்கு யார் வந்தாலும் வேர் பிடித்த ஒரு கிளையை டப்பாவில் வைத்துக் கொடுத்துத்தான் அனுப்புவார். தெருவில் அந்தக் கொடி ஏறாத சுவர் குறைவு. "தினம் ஒரு டம்ளர் தண்ணி போதும். பூக்க ஆரம்பிச்சா நிறுத்த முடியாது," என்று அவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். பிசாசை ஒழிக்கக் கிளம்பிய படை, ஆளுக்கு ஒரு பிசாசை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தது. டீச்சர் இரண்டு தடவை வாயைத் திறந்து, பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ.

சமையலறை வாசலில் நின்ற மனைவி கணவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். லிப்ட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமா, ஓடைக்கரையை ஒரு கொடி மூடி அமுக்கிட்டிருக்குன்னு சொல்வேனே..."

"ஆமா, உங்க பிசாசு. பாவம், வாரா வாரம் அல்லாடறீங்க."

"அது இதுதான் மாமா."

மாமனார் சிரிக்கப் போனார். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "டீச்சரம்மா, இவர் சொல்றது நிஜமா? அதுக்கு இலை பெருசு, பூ இல்லைம்பாரே."

"வெயில்ல இருந்தா இப்படி, நிழல்ல இருந்தா அப்படிங்க ஐயா. செடி ஒண்ணுதான்," என்றாள் டீச்சர், பாடம் நடத்தும் குரலில் பாதிகூட இல்லாமல். "எங்கேயோ தூரதேசத்துச் செடி. இங்கே இதைத் தின்ன பூச்சி இல்லை. அதனால மத்ததை எல்லாம் மூடிடுது."

மாமனார் தன் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏதாவது பேசி நிலைமையைச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்து, குளத்தில் கல்லைப் போட்டார். "கொடி இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சார். அதை வெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்கானே ஒரு புண்ணியவான், அவனைத்தான் முதல்ல பிடிக்கணும். யாரு சார் அது?"

ஓடைக்குள் அத்தனை சனிக்கிழமை லிப்ட்காரர் நின்ற நிலை, வாங்கிய நல்ல பெயர், எல்லாம் கண் முன்னால் மிதந்து போயிற்று.

"நான்தான்," என்றார் மாமனார். எழுந்து நின்றே சொன்னார். "வெட்டினதும் நான், கொட்டினதும் நான். என் மாப்பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வாரா வாரம் சுத்தம் பண்றார். குப்பை போட்டவன் நான். என்ன சொல்றதுன்னாலும் என்னைச் சொல்லுங்க."

லிப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். பணியில் இருந்த காலம் முழுக்க ஒரு பொய்யைச் சகிக்காத மனுஷர், நாலு பேர் முன்னால் தனக்காகக் கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டு, டிக்கெட் கையில் இருப்பவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். அதற்கு மேல் லிப்ட்காரரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"பொய் சொல்லாதீங்க மாமா!" என்று கத்தியேவிட்டார். "வீசினது நான் டீச்சர். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான்தான். இதோ சாட்சி." மனைவியிடம் திரும்ப வாங்கி வைத்திருந்த நீலக் கோட்டுக் கிழிசலைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து டீ டிரேயில் வைத்தார்.

"இது என்ன?" என்றார் பேக்கரிக்காரர்.

"மாமாவோட பைஜாமா."

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. வீசச் சொன்னது யாரு? நான்தானே?"

"நீங்க சொல்லவே இல்லையே மாமா. கை பலம்னு மட்டும்தான் சொன்னீங்க."

"அது சொன்ன மாதிரிதான்!"

குற்றத்துக்கு இரண்டு பேர் இப்படிப் போட்டி போட்டு டீச்சர் பார்த்ததில்லை. வகுப்பில் எப்போதும் ஆளே கிடைக்காது. முதலில் மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் டீச்சருக்கு. பேக்கரிக்காரர் டீ புரையேறி டப்பாவைக் கீழே போட்டு, ஐயோ மண்ணைத் தொட்டுடுச்சு, மண்ணைத் தொட்டுடுச்சு என்று தரையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. எல்லாரும் வாங்க. அடியோட எடுத்துடுவோம்," என்றார்.

எடுத்தார்கள். முதல் வெட்டு மாமனாருடையது. வெட்டும்போது அழுதார், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டினார். மாப்பிள்ளை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்து மேட்டையும் சேர்த்து, ஒரு கிளைகூட மண்ணைத் தொடாமல் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, அழுகிப் போகும் வரை வெயிலில் போட்டார்கள். மோட்டார் அறைச் சாக்கும் வந்து சேர்ந்துகொண்டது. அதன் கதையைக் கேட்டபோதுதான் மாமனார் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

அதோடு வேலை முடியவில்லை. தெருவெல்லாம் கொடுத்த டப்பாக்கள்? யார் யாருக்கு எப்போது கொடுத்தார் என்பது மாமனாருக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். அந்த நடையைப் பார்க்க வேண்டும். இடுப்பில் கை, நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கிய கண்ணாடி. வயசு பாதியாகக் குறைந்துவிட்டது. மூலைவீட்டு அம்மாள் கொடியின் மேல் இருந்த ஆசையில், "எங்க வீட்ல அது எப்பவோ பட்டுப்போச்சே," என்று சத்தியம் பண்ணினாள்.

"அப்படியா? குளியலறையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார் மாமனார்.

டப்பா குளியலறை ஜன்னலில் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், "எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்று மாப்பிள்ளை வியந்தார். "டிக்கெட் இல்லாதவங்க எல்லாரும் அங்கேதான் மாப்பிள்ளை ஒளிவாங்க," என்றார் மாமனார். இருவரும் தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் மூலைவீட்டு அம்மாளே ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

டப்பாக்கள் குறையக் குறைய லிப்ட்காரருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் கூடியது. இன்னும் நாலு தெருவுக்கு மாமனார் கொடுத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தார். ஓடையைக் காப்பாற்றக் கிளம்பியவன் நினைக்கிற நினைப்பா அது? ஆனாலும் நினைத்தார். கடைசி டப்பாவையும் வாங்கி முடித்த சாயங்காலம், மாமனார் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

நடவு நாள் தூறலோடு விடிந்தது. மிதந்து வர எதுவும் இல்லாததால் லிப்ட்காரரின் துண்டு துடைத்துவிட்டது போல் கிடந்தது. டீச்சர் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "பாஸ்!" என்று கத்தினாள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். பேக்கரிக்காரர் தன் பங்கிலிருந்து ஒரு தட்டுக் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்களுதுதான், பார்த்துக்கிட்டேன், அவ்வளவுதான்," என்று வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு பை நிறைய சூடான பன். சேற்றுக் கையோடு எல்லோரும் தின்றார்கள். மாமனாரும் வந்திருந்தார். தன் வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கரையைத் தனக்கே தர வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டு வாங்கி, தண்ணீருக்குள் நடந்து போய், தன் கையாலேயே நாணலும் கோரையும் நட்டார். நட்டுக்கொண்டிருக்கும்போதே மழை வலுத்துவிட்டது. யாரும் நிறுத்தவில்லை. லிப்ட்காரர் நிமிர்ந்தபோது முகமெல்லாம் மழை, வானமெல்லாம் வெளிச்சம். இவ்வளவு சந்தோஷமாகத் தான் எப்போது இருந்தோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. சாயங்காலம் அந்த வேளை வந்ததும் லிப்ட்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்கட்டுக்குப் போனால் வெறும் சுவர். அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் படுக்கையறையில் போய் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தையே கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தட் தட் என்று பின்னாலிருந்து சத்தம். வீடே அதிர்ந்தது. "அப்பா! என்னப்பா பண்றீங்க?" என்று மனைவி அலறினாள். லிப்ட்காரர் கடிகாரத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் பின்சுவரை இடித்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் காரை. கதவு அகலத்துக்குக் கரியால் கோடு போட்டிருந்தார். அதன் நடுவில் நாலைந்து செங்கல் பெயர்ந்து, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் நேற்று நட்ட நாணலின் நுனியும் தெரிந்தன.

"மாமா! சுவர்!"

"சுவருக்கென்ன? நம்ம துண்டு இந்தப் பக்கம் இருக்கு, நாம தெருவைச் சுத்திப் பாலம் வழியா நீந்திப் போறதா? ஒரு வாசல் வெச்சுட்டா இறங்கினா ஓடை. களை பார்க்கணும், தண்ணி ஊத்தணும், அந்தக் கொடி திரும்ப முளைக்குதான்னு வருஷக்கணக்கா பார்க்கணும்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார். ஸ்டூல் இல்லை, முகம் மறைவில்லை. "ஏன் இன்னிக்கு வரலை நீங்க? நான் பாட்டுக்கு வெறும் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். கொடி போனா போகுது மாப்பிள்ளை. நீங்க இல்லாத ஞாயித்துக்கிழமை எனக்கு வேண்டாம்."

லிப்ட்காரருக்குக் கண் மறைத்தது. காரைத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கடப்பாரையை வாங்கிக்கொண்டு, "தள்ளி நில்லுங்க அப்பா, நான் இடிக்கறேன்," என்றார்.

"அந்தப் பக்கம் விழுந்துடப் போகுது, பார்த்து. செடி இருக்கு," என்றார் மாமனார், இடிந்த விளிம்பை இரண்டு கையாலும் தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு.